ஜான் ஸ்வின்னியைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்து அரசைப் புரிந்துகொள்வது

'கேபினட் செக்ரெட்டரி' என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் டெல்லியில் எல்லா ஐஏஎஸ் அதிகாரிகளுக்கும் மேலே இருக்கும் அதிகாரி. தேர்தலில் நிற்காதவர், யாரிடமும் ஓட்டுக் கேட்காதவர். ஸ்காட்லாந்துச் செய்திகளில் இதே சொல்லைப் பார்த்தால் அந்த நினைப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே கேபினட் செக்ரெட்டரி என்றால் அமைச்சரவையில் உட்காரும் மூத்த அமைச்சர், ஓட்டு வாங்கி வந்த அரசியல்வாதி. வெறும் 'மினிஸ்டர்' என்று போட்டிருந்தால் அவருக்கு அடுத்த படியில் இருக்கும் இளைய அமைச்சர். அதிகாரிகளின் தலைவருக்கு அங்கே பர்மனென்ட் செக்ரெட்டரி என்று பெயர்.

அரசின் தலைவர் 'ஃபர்ஸ்ட் மினிஸ்டர்'. இதை அப்படியே தமிழாக்கினால் முதலமைச்சர் என்றுதான் வரும். நல்லவேளையாகப் பொருளும் ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. பிரதமர் லண்டனில் இருக்கிறார். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் இருப்பவர் முதலமைச்சர்.

இந்தப் பதவிகளை வரையறைகளாகப் படித்தால் மறுநாளே மறந்துபோகும். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனால் நிற்கும். அதற்கு ஜான் ஸ்வின்னியை விட வசதியான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. 2007 மே மாதம் அமைச்சரானவர் 2023 மார்ச் வரை இடைவெளி இல்லாமல் அமைச்சர். முதலில் நிதி. அப்புறம் நிதியோடு சேர்த்துத் துணை முதலமைச்சர் பதவி. அப்புறம் கல்வி, கோவிட் மீட்பு, மறுபடியும் கொஞ்ச காலம் நிதி. ஒரு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு 2024-இல் முதலமைச்சர். ஸ்காட்லாந்து அரசில் அவர் கை படாத முக்கியமான மேசைகள் குறைவு.

முதலில், இந்த அரசுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் இணைந்தன. அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஸ்காட்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் கிடையாது. ஆனால் சட்ட முறை, கல்வி முறை, திருச்சபை மூன்றும் தனியாகவே தொடர்ந்தன. பிற்பாடு அதிகாரப் பகிர்வு வந்தபோது, ஏற்கெனவே தனியாக ஓடிக்கொண்டிருந்தவற்றைக் கையில் எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1979-இல் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் தனி அவை வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அது எட்டவில்லை, திட்டம் போயிற்று. எடின்பரோவில் பிறந்த ஸ்வின்னி ஸ்காட்லாந்து தேசியக் கட்சியில், சுருக்கமாக எஸ்என்பியில், சேர்ந்ததும் அதே வருடம்தான். வயது 15.

1997-இல் மறுபடி கேட்டார்கள். இந்த முறை 74.3 சதவீதம் ஆதரவு. 1998-இல் ஸ்காட்லாந்துச் சட்டம், 1999 மே மாதத்தில் முதல் தேர்தல். அவையில் 129 உறுப்பினர்கள். அவர்களில் 73 பேர் தொகுதிகளிலிருந்து வருகிறார்கள். மீதி 56 பேர், கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதத்தைச் சரிக்கட்ட வட்டாரப் பட்டியல்களிலிருந்து. இந்த 56 பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை கிடைப்பது அரிதாக இருப்பதற்கும், சின்னக் கட்சிகள் அரசை ஆட்டிப் பார்ப்பதற்கும் அவர்கள்தான் காரணம்.

அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பது எளிது. லண்டன் தன்னிடம் எவற்றை வைத்துக்கொள்கிறது என்று மட்டும் சட்டம் பட்டியல் போடுகிறது: பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம் போன்றவை. பட்டியலில் இல்லாத எல்லாம் எடின்பரோவுக்கு. மருத்துவமனை, பள்ளி, போலீஸ், உள்ளாட்சி எல்லாம் அப்படி வந்தவைதான்.

தலைவராகத் தோற்றவர்

ஸ்வின்னி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் திட்டமிடல் வேலை பார்த்தவர். அவருடைய மேடைப் பேச்சைக் கேட்டால் அந்த வாடை இன்னும் போகவில்லை என்று எனக்குத் தோன்றும். 1997-இல் வடக்கு டேசைடு தொகுதியிலிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1999-இல் எடின்பரோ அவைக்கும் தேர்வானார். 2001 வரை இரண்டிலும் உறுப்பினர்.

2000-இல் அலெக்ஸ் சால்மண்ட் விலகியதும் கட்சித் தலைமை இவரிடம் வந்தது. சரியாகப் போகவில்லை. 2003 தேர்தலில் கட்சியின் இடங்கள் 35-லிருந்து 27-ஆகக் குறைந்தன. 2004 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் கைகொடுக்காமல் போக, அந்த ஜூன் மாதமே பதவி விலகினார். போகும் முன், தலைவரைக் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வழி செய்தார். அந்த முறையில் முதலில் ஜெயித்து வந்தவர் வேறு யாருமில்லை, திரும்பி வந்த சால்மண்ட்தான்.

சாதாரணமாக இத்தோடு ஒரு அரசியல்வாதியின் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2007 தேர்தலில் எஸ்என்பிக்கு 47 இடம், லேபர் கட்சிக்கு 46 இடம். ஒரே ஒரு இடம் வித்தியாசம்.

அமைச்சராவது எப்படி

தேர்தல் முடிந்து 28 நாளுக்குள் அவை ஒரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை உறுப்பினர்களே ஓட்டுப் போடுவார்கள். அப்படித் தேர்வானவரை அரசரோ அரசியோ நியமிப்பார். 2007-இல் சால்மண்டுக்கு 49 ஓட்டு, லேபரின் ஜாக் மெக்கானலுக்கு 46. எஸ்என்பியின் 47-க்கு மேலே இருந்த இரண்டு ஓட்டுகள் பசுமைக் கட்சியுடையவை. இந்த இரண்டு பேர் பின்னால் மறுபடி வருவார்கள்.

முதலமைச்சர் தன் அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் அவர் நினைத்தவுடன் பதவியேற்பு நடந்துவிடாது. அந்தப் பெயர்களுக்கும் அவை ஒப்புதல் தர வேண்டும். லண்டனில் பிரதமருக்கு இப்படி ஒரு தொல்லை இல்லை. சால்மண்ட் தன்னையும் சேர்த்து ஆறே பேர் கொண்ட அமைச்சரவை அமைத்தார். நிதியும் பொருளாதார வளர்ச்சியும் ஸ்வின்னிக்கு. அதுவரை 'ஸ்காட்டிஷ் எக்சிகியூட்டிவ்' என்று அழைக்கப்பட்ட அமைப்பு தன்னை 'ஸ்காட்டிஷ் அரசு' என்று அழைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அந்த வருடம்தான்.

காசு எங்கிருந்து வருகிறது

ஸ்காட்லாந்தில் நிதி அமைச்சர் என்றால் 2007-இல் அது பெரும்பாலும் செலவு அமைச்சர்தான். பணம் லண்டன் கருவூலத்திலிருந்து மொத்தமாக வரும். அது வருடாவருடம் எவ்வளவு கூடும், குறையும் என்பதை முடிவு செய்வது பார்னெட் சூத்திரம். ஜோயல் பார்னெட் என்ற லேபர் அமைச்சர் 1970-களின் கடைசியில் தற்காலிகமாகப் போட்டுவைத்த கணக்கு, இன்னும் ஓடுகிறது.

கணக்கு இதுதான். இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு லண்டன் கூடுதலாக 100 பவுண்டு ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக் கல்வி முழுக்க எடின்பரோவின் பொறுப்பு. ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை இங்கிலாந்தினுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆக எடின்பரோவுக்குச் சுமார் 10 பவுண்டு வரும். அதைப் பள்ளிக்கே செலவழிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மருத்துவமனைக்குக் கொடுக்கலாம், சாலை போடலாம். இங்கிலாந்தில் குறைத்தால் இங்கேயும் குறையும். அதாவது எடின்பரோ நிதி அமைச்சரின் பை, வேறொரு நாட்டுக்காகப் போடப்படும் பட்ஜெட்டின் நிழலில் வீங்கும், சுருங்கும்.

வந்த பணத்தைப் பிரிப்பதற்கு ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் மசோதா நிறைவேற வேண்டும். 129 பேர் அவையில் 47 பேரை வைத்துக்கொண்டு அதை நிறைவேற்றுவதுதான் ஸ்வின்னியின் உண்மையான வேலை.

2009 ஜனவரி 28. சுமார் 3,300 கோடி பவுண்டு பட்ஜெட். எஸ்என்பி 47, கன்சர்வேட்டிவ் 16, சுயேச்சையான மார்கோ மெக்டொனால்டு ஒருவர்: 64. எதிரே லேபர் 46, லிபரல் டெமாக்ரட் 16: 62. நடுவில் அந்த இரண்டு பசுமைக் கட்சிக்காரர்கள், பாட்ரிக் ஹார்வியும் ராபின் ஹார்ப்பரும். குளிர் நாடு அது. வீடுகளில் வெப்பம் வெளியேறாமல் சுவரையும் கூரையையும் அடைத்துக் கொடுக்கும் திட்டத்துக்குப் பெரிய தொகை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கடைசி நேரம் வரை பேரம் நடந்தது. வந்த தொகை போதாது என்று இருவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 64-க்கு 64.

சமம் என்றால் அவைத் தலைவரின் ஓட்டு. அலெக்ஸ் ஃபெர்குசன் அவைத் தலைவராவதற்கு முன் கன்சர்வேட்டிவ் உறுப்பினர். அந்தக் கட்சி அன்று பட்ஜெட்டை ஆதரித்தது. ஆனால் அவைத் தலைவர் கட்சி பார்க்கக் கூடாது. இருக்கும் நிலையை மாற்றுவதற்கு அவை பெரும்பான்மை தரவில்லை என்றால், அவருடைய ஓட்டு மாற்றத்துக்கு எதிராகத்தான் போக வேண்டும் என்பது மரபு. அவர் 'வேண்டாம்' என்றார். பட்ஜெட் விழுந்தது.

பட்ஜெட் விழுந்தால் மறுநாள் நர்சுக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் நின்றுவிடுமா? நிற்காது. முந்தைய ஆண்டின் அளவை ஒட்டி மாதாமாதம் செலவு செய்ய ஒரு தற்காலிக ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் புதிதாக எதுவும் ஆரம்பிக்க முடியாது. திரும்பவும் தோற்றால் ராஜினாமா செய்து தேர்தலுக்குப் போவேன் என்று சால்மண்ட் மிரட்டினார். எதிர்க்கட்சிகளுக்கு அப்போது தேர்தல் வேண்டியிருக்கவில்லை. ஸ்வின்னி மறுபடி கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு கட்சிக்கும் கொஞ்சம் கொடுத்தார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 4 அன்று, ஏறக்குறைய அதே பட்ஜெட் 123-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இரண்டு ஓட்டும் பசுமைக் கட்சியுடையவை.

ஸ்வின்னியின் நீண்ட ஆயுளுக்கு இந்த ஒரு வாரம்தான் விளக்கம் என்று நினைக்கிறேன். கூட்டத்தை எழுப்பும் தலைவர்கள் அந்தக் கட்சியில் வேறு பேர் இருந்தார்கள். தோற்ற மறுநாளே எதிரியின் அறைக் கதவைத் தட்டி 'சரி, உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்கக்கூடியவர் அத்தனை பேர் இல்லை.

கறுப்புப் புள்ளிகளும் உண்டு. வருமான வரியின் அடிப்படை விகிதத்தைப் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ எடின்பரோவுக்கு 1999-லிருந்தே அதிகாரம் இருந்தது. 'டார்ட்டன் வரி' என்று அதற்குச் செல்லப் பெயர். யாரும் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தாவிட்டாலும் அதைத் தயார் நிலையில் வைத்திருக்க லண்டன் வரித்துறைக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு கட்ட வேண்டும். அதை ஸ்வின்னியின் அமைச்சகம் கட்டாமல் விட்டுவிட்டது. அதிகாரம் சத்தமில்லாமல் காலாவதியானது. 2010 நவம்பரில் விஷயம் வெளியே வந்தபோது, அவையிடம் சொல்லாமல் இருந்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மக்கள் வாக்கெடுப்பில் கேட்டு வாங்கிய அதிகாரத்தை, சுதந்திரம் கேட்கும் கட்சியின் நிதி அமைச்சரே சந்தா கட்டாமல் விட்ட கதை இது.

2014 சுதந்திர வாக்கெடுப்பில் எஸ்என்பி தோற்றபின் நிலைமை மாறியது. புதிய அதிகாரங்கள் எவை என்று முடிவு செய்ய ஸ்மித் ஆணையம் அமைந்தது. அதில் கட்சியின் பிரதிநிதிகள் இருவரில் ஒருவர் ஸ்வின்னி. வருமான வரி விகிதங்களை எடின்பரோவே வைத்துக்கொள்ளலாம் என்றானது. அப்படியென்றால் லண்டன் தரும் பணத்தில் எவ்வளவு கழிப்பது? இந்தக் கழிப்புக் கணக்குக்காகக் கருவூலத்தோடு மாதக்கணக்கில் பேசி 2016 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தவரும் அவரே. கேட்க அலுப்பாக இருக்கும் விஷயம்தான். ஆனால் செலவு அமைச்சர் நிஜமான நிதி அமைச்சராக மாறியது அந்தக் கணக்கில்தான்.

மதிப்பெண் போட்டது யார்?

சால்மண்டுக்குப் பின் முதலமைச்சரான நிக்கோலா ஸ்டர்ஜன், 2016-இல் ஸ்வின்னியைக் கல்விக்கு மாற்றினார். அங்கே நடந்த பலவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2020-இல் கொரோனாவால் பள்ளித் தேர்வுகள் ரத்து. ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன கிரேடு வந்திருக்கும் என்று கணித்து அனுப்பினார்கள். ஸ்காட்லாந்துத் தகுதிகள் ஆணையம், அதாவது தேர்வு வாரியம், அந்தக் கணிப்புகளை அப்படியே ஏற்கவில்லை. அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளை வைத்துத் திருத்தியது. ஆகஸ்ட் 4 அன்று வந்த முடிவுகளில் சுமார் 1,25,000 கிரேடுகள் ஆசிரியர் போட்டதை விடக் குறைக்கப்பட்டிருந்தன.

ஏழைப் பகுதியில், இதுவரை சுமாரான முடிவுகள் மட்டுமே காட்டிய பள்ளியில் ஒரு பெண் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் அவள் கெட்டிக்காரி. ஆசிரியர் 'ஏ' என்று எழுதி அனுப்புகிறார். 'உங்கள் பள்ளியில் இத்தனை ஏ வந்ததே இல்லையே' என்று கணக்கு அதை 'சி' ஆக்குகிறது. அவள் எழுதாத தேர்வில், அவளுக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வாங்கிய மதிப்பெண். ஹையர் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வில், மிக ஏழ்மையான பகுதி மாணவர்களின் தேர்ச்சி விகிதம் ஆசிரியர் கணிப்பிலிருந்து 15.2 புள்ளி இறங்கியது. வசதியான பகுதிகளில் 6.9 புள்ளி.

கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் மாணவர்கள் பதாகைகளோடு நின்றார்கள். முதலில் முறையை ஆதரித்துப் பேசிய ஸ்வின்னி, ஆகஸ்ட் 11 அன்று அவையில் மன்னிப்புக் கேட்டு, குறைக்கப்பட்ட கிரேடுகளை எல்லாம் ஆசிரியர் கணிப்புக்கே திருப்பினார். இங்கிலாந்து அரசும் இதே குழியில் விழுந்து அடுத்த வாரம் இதே வழியில் ஏறி வந்தது.

புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மதிப்பெண் போட்டது அமைச்சர் அல்ல. தேர்வு வாரியம் தனி அமைப்பு. ஆனால் அவையில் எழுந்து நின்று பதில் சொல்ல அந்த வாரியத்தின் அதிகாரியால் முடியாது, அமைச்சரால்தான் முடியும். எனவே நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அவர் பெயரில் வந்தது. தனி அமைச்சர் மேல் அப்படியொரு தீர்மானம் நிறைவேறினாலும் சட்டப்படி அவர் விலகியே ஆக வேண்டும் என்று இல்லை. மொத்த அரசின் மேல் வந்து நிறைவேறினால்தான் அந்தக் கட்டாயம். ஆனாலும் நிறைவேறிய பின் யார் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியும்? 58 பேர் ஆதரித்தார்கள், 67 பேர் எதிர்த்தார்கள். அவர் தப்பினார். காப்பாற்றியது யார் என்கிறீர்களா? 2009-இல் கவிழ்த்த அதே பசுமைக் கட்சி. கிரேடுகளைத் திருப்பிக் கொடுத்ததால் ஆதரவு.

பதினாறு வருடம் இருந்தால் பழைய கையெழுத்துகளும் தேடி வரும். எடின்பரோ டிராம் பாதை ஒரு உதாரணம். 2007-இல் எஸ்என்பி அதை நிறுத்தப் பார்த்தது, மற்றக் கட்சிகள் சேர்ந்து தொடர வைத்தன. அரசு 50 கோடி பவுண்டு, அதற்கு மேல் கிடையாது என்று வரம்பு போட்டது. 2014-இல் திறந்தபோது பாதை திட்டமிட்டதை விடக் குட்டை, செலவு 77.6 கோடி. விசாரணை அறிக்கை 2023 செப்டம்பரில் வந்தபோது அன்றைய அமைச்சர்களையும் விட்டுவைக்கவில்லை. ஸ்வின்னி அப்போது அமைச்சரே இல்லை.

ஏனென்றால் அந்த மார்ச்சிலேயே ஸ்டர்ஜனோடு சேர்ந்து அவரும் அரசிலிருந்து விலகியிருந்தார். போவதற்கு முன் 2022 டிசம்பரில் கடைசியாக ஒரு பட்ஜெட்டும் போட்டார். நிதி அமைச்சர் கேட் ஃபோர்ப்ஸ் மகப்பேறு விடுப்பில் இருந்ததால் பொறுப்பு இவரிடம். அவையில் படிக்கும் முன்பே வரி விவரம் செய்தியில் வந்துவிட, அவைத் தலைவர் கூட்டத்தையே சிறிது நேரம் ஒத்திவைத்தார். பட்ஜெட்டை முதலில் கேட்கும் உரிமை அவைக்குத்தான்.

அடுத்து முதலமைச்சராக வந்த ஹம்சா யூசஃப் 2024 ஏப்ரலில் பசுமைக் கட்சியோடு இருந்த உடன்பாட்டைச் சட்டென முறித்தார். சில நாளிலேயே தன் பதவியையும் இழந்தார். எஸ்என்பி தலைமைக்குப் போட்டியே இல்லாமல் ஸ்வின்னி வந்தார், விலகி இருபது ஆண்டு கழித்து. மே 7 அன்று அவையில் முதலமைச்சருக்கான ஓட்டு. கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 31, லேபருக்கு 22, லிபரல் டெமாக்ரட்டுக்கு 4. பசுமைக் கட்சியின் 7 பேரும் யாருக்கும் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்வின்னிக்கு 64, பட்ஜெட் விழுந்த அன்று கிடைத்த அதே எண்ணிக்கை. இந்த முறை அது போதுமானதாக இருந்தது. மறுநாள் எடின்பரோவின் உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, தன் அமைச்சர்களின் பட்டியலோடு அவையின் ஒப்புதல் கேட்கப் போனார்.